இரண்டாவது மெழுகுவர்த்தி

"கேஸை மட்டும் மூடிராதீக மேடம்" என்றார் சூசைமுத்து. "என் மகன் எங்கனயோ உசிரோடதான் இருக்கான்."

எட்வின் அவர் தத்தெடுத்து வளர்த்த பிள்ளை. பதினாறு வயதில் காணாமல் போய் எட்டு வருடம் ஆகிறது. வருடம் தவறாமல் மனு கொடுத்துவருபவர் சூசைமுத்துதான்.

"பெத்தவுக கூட இவ்வளவு அலைய மாட்டாக" என்றார், விசாரிக்க வீட்டுக்கு வந்திருந்த, தேவாரம் ஸ்டேஷனின் புதிய இன்ஸ்பெக்டர் சொர்ணலதா.

"இவ மட்டும் என்னவாம்?" என்று மனைவி அமுதாவைக் காட்டினார். "அவன் வந்தா வெளிய நிக்கக் கூடாதுன்னு இன்னும் ராத்திரியில வாசக் கதவைத் தாழ் போடுறதில்ல."

"காலையில கல்லறைத் திருநாளுக்கு நான்தான் பந்தோபஸ்து. உங்களுக்குப் பின்னாடிதான் நின்னேன்."

"கவனிக்கலையே மேடம்."

"உங்க அம்மா கல்லறையில ஒரு மெழுகுவர்த்தி ஏத்துனீக. அப்பா கல்லறையில ரெண்டு."

"காத்துக்கு அணைஞ்சிருமேன்னு..."

"ரெண்டாவதை ஏத்தயில, 'எட்வின் ஆத்துமா இளைப்பாறட்டும்'னு செபம் பண்ணுனீக. உசிரோட இருக்கிற பிள்ளைக்கு யாரு அப்படிச் செபிப்பாக?"

சூசைமுத்து அமுதாவைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்க அப்பாவை அடக்கம் பண்ணுன அன்னைக்குத்தான் அவன் காணாமப் போனான். புதுசா மூடுன குழியைத் திரும்பத் தோண்டி மூடுனா யாருக்குத் தெரியும்? இப்ப நாங்க தோண்டுறதுக்கு ஆர்டர் கேட்டிருக்கேன்."

"ஒரே அடிதான் மேடம் அடிச்சேன்" என்றார் சூசைமுத்து.

அவரை ஏற்றிக்கொண்டு ஜீப் கிளம்பியது. அமுதா வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.