பாலம் உள்ள படங்கள்

பார்சலை மேசையில் வைத்த பௌஸி உட்காரவில்லை.

"மச்சான், எங்கட பக்கம் ஊடு ஊடா செக் பண்றாங்க. இத கொஞ்ச நாளைக்கி நீ வச்சிக்க."

ஈஸ்டர் குண்டுகள் வெடித்து மூன்று வாரம்; முஸ்லிம் வீடுகளில் சோதனை. பத்மாவதி கொழும்பு வெள்ளவத்தை பிளாட்டின் கதவைச் சாத்தி, கொண்டியும் போட்டாள்.

அவள் கணவர் நாகேந்திரம் பார்சலின் சணலை அறுத்தார். பழைய பேப்பருக்குள்ளே இருந்து படங்கள் சரிந்தன.

எழுபத்தொன்பதாம் ஆண்டு. வெள்ளிக்கிழமை வேலை முடிந்த கையோடு கோட்டை ஸ்டேஷனில் பதுளை மெயில் ரயில் ஏறி, மலையெல்லாம் நடந்து திரிந்த, ஒரே கந்தோரில் வேலை பார்த்த நண்பர்கள். பௌஸிக்குத் தலை நிறைய முடி. ஸ்ரான்லி வழக்கம்போல ரயில் மிதிபலகையில். அட்டை கடித்த காலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நாகேந்திரம் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்.

பின்னால் ஒரு பாலம். அடுத்ததில் சுரங்கவாய். சோதிக்க வருகிறவன் சந்தேகப்பட அது போதும்.

"அலுமாரிக்கு மேல போடுங்கோ" என்றாள் பத்மாவதி. "ஆரின்ர கண்ணிலயும் படவேண்டாம்."

நாகேந்திரத்துக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அந்த வயதில் சிரித்ததற்கு இந்த வயதிலும் பயப்பட வேண்டுமா?

சுவர்க் கலண்டரைக் கழற்றிக் கட்டிலில் எறிந்தார். கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படும் இடம் அது. பழைய பிரேம் ஒன்றில் பாலத்துப் படத்தைச் செருகி, அந்த ஆணியிலேயே மாட்டினார். பயமும் இல்லாமல் இல்லை.

பௌஸி கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

பத்மாவதி முணுமுணுத்தபடி நிலத்தில் கிடந்த பேப்பரைச் சுருட்டக் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள்.

பேப்பரின் திகதி 1996. வெள்ளவத்தையில் வீடு வீடாகத் தமிழரைச் சோதித்த வருடம். ஓரத்தில் அவளுடைய கையெழுத்து:

'பௌஸி அண்ணை, கொஞ்ச நாளைக்கு வைச்சிருங்கோ.'

அறுந்த சணலில் அன்று அவள் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. இருபத்துமூன்று வருடமாகத் தெமட்டகொடையில் பௌஸி வீட்டில் யாரும் அதை அவிழ்த்துக்கூடப் பார்க்கவில்லை.

அவள் எழுந்துபோய்க் கதவின் கொண்டியைக் கழற்றினாள். பௌஸிக்குக் கதிரையை இழுத்துப் போட்டாள். பிறகு கணவரிடம் திரும்பினாள்.

"மற்றப் படங்களுக்கும் ஆணி இருக்கோ?"