வடக்கு வலையின் தூக்கம்

நூறு வருஷத்துக்கும் முன்னால், இங்கிலாந்தில் ஆலைப்புகை படிந்த ஒரு கால்பந்து மைதானம். அங்கே வடக்குக் கோலின் வலைக்கு ஒரு வழக்கம் இருந்தது. முதல் பாதியில் உள்ளூர் கோல்கீப்பர் எனோக் அதன் முன்னே நிற்பார். பந்து வந்து விழுந்துகொண்டே இருக்கும். பக்கம் மாறியதும் வலை தூங்கிவிடும். உள்ளூர் அணிதான் அந்த சீசன் முழுக்க அங்கே ஒரு கோல்கூடப் போடவில்லையே!

அன்று கடைசி ஆட்டம். தோற்றால் லீக்கில் இடமில்லை; சமன் செய்தால் போதும். பத்தாவது நிமிஷமே பந்து வலைக்குள் விழுந்தது.

“வந்துட்டியா தம்பி? உனக்கு வேற வீடே இல்லையா?” என்றது வலை.

“நான் என்னக்கா செய்ய? சேத்துல ஊறிக் கல்லாட்டம் கனக்கிறேன்.”

எனோக் குனிந்து எடுத்தார். எப்போதும்போல் சட்டைக் கையால் சேற்றைத் துடைத்துவிட்டுத்தான் பந்தை நடுவட்டத்துக்கு அனுப்பினார்.

‘எண்பது கோல் வாங்கியும் இந்த மனுஷன் ஒருநாள்கூடக் கோபத்துல பந்தை உதைக்கலையே’ என்று வியந்தபடியே, இரண்டாம் பாதியில் வலை கண்ணயர்ந்தது.

திடீரென்று வயிற்றில் ஓர் அடி.

“ஏண்டா, பக்கம் மாறினது தெரியாதா? அந்தப் பக்கம் போ!”

“சரியான பக்கம்தான் அக்கா. இப்ப ஒண்ணுக்கு ஒண்ணு!” என்றது பந்து.

எதிரணிக் கோல்கீப்பர் ஆத்திரத்தில் அதை உதைத்தார்.

“ஐயோ, உன்னைத் துடைக்கவே இல்லையே!” என்றது வலை.

“துடைக்கிறவர் அந்தக் கோடியில இருக்காரு. ஆட்டம் முடிய இன்னும் ரெண்டே நிமிஷம்!” என்று கத்திக்கொண்டே போனது பந்து.

வலை இமைக்காமல் பார்த்திருந்தது. விசில் ஊதியபோது பந்து எனோக்கின் கைகளில் இருந்தது. அவர் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.