ஐந்து டிகிரி

"கட்டடம் என்ன தெனமும் நடந்தா போகுது? எதுக்கு எட்டு நாள் அளந்தே?"

கணக்கு டீச்சர் ஜெயபாரதி கேட்டதும் ஜனனி நோட்டை மேசைமேல் வைத்துவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றாள். பத்தாம் வகுப்பில் இப்படியொரு பெண் இருப்பதே வருகைப் பதிவேட்டைப் பார்த்தால்தான் தெரியும். மத்தியானச் சாப்பாடுகூடத் தனியாக ஒரு மூலையில்தான்.

டீச்சர் கொடுத்த வேலை இதுதான். பாகைமானியில் நூலைக் கட்டி, கனத்துக்கு ஒரு நட்டைத் தொங்கவிட்டு, கைக்கு எட்டாத ஒன்றை அளந்து வரவேண்டும். மற்றவர்கள் தண்ணீர்த் தொட்டி, செல்போன் டவர் என்று உயரத்தை அளந்தார்கள். பாதிப்பேர் அடுத்தவன் நோட்டைப் பார்த்து அளந்தார்கள். ஜனனி மட்டும் தூரத்தை அளந்திருந்தாள். தன் வீட்டு மொட்டை மாடியிலிருந்து, நொய்யல் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பனியன் கம்பெனியின் மொட்டை மாடி வரைக்கும்.

எட்டு நாளும் மாலை ஐந்தரை மணி. அந்தக் கம்பெனியில் டீ டைம்.

போதாக்குறைக்கு, ஜனனியின் பக்கத்து வீட்டு மருதாள் காலையில்தான் டீச்சரை வழிமறித்து ஓதிவிட்டுப் போயிருந்தாள். "சாயங்காலமானா அந்தப் புள்ள மாடில நின்னு கம்பெனியப் பார்த்துக் கையாட்டுதுங்க. அங்கிருந்தும் ஆரோ ஆட்டறாங்க. பொம்பளையாளு இல்லாத ஊடு. நீங்கதான் கண்டிக்கோணும்."

டீச்சர் நோட்டைப் புரட்டினார். கம்பெனியின் உயரம் தெரிந்தால்தான் தூரம் வரும். அது இவளுக்கு எப்படிக் கிடைத்தது?

அடுத்த பக்கத்தில், பனியன் பெட்டி அட்டையிலிருந்து கிழித்த ஒரு துண்டு செருகியிருந்தது. 'மாடி வரைக்கும் படி 84. ஒரு படி ஏழு இஞ்ச். டேப் வெச்சுப் பார்த்தேன். ஒழுங்காச் சாப்பிடு.'

"ஒழுங்காச் சாப்பிடோணுமாக்கும்! ஆரு புள்ள அது?"

டீச்சர் அட்டைத் துண்டை மேசையில் வைத்துத் தட்டினார்.

"சரி, எங்கிட்டச் சொல்ல வேண்டாம். உங்கப்பாவுக்குப் போன் பண்ணிட்டேன். வந்துட்டே இருக்காரு."

அதுவரை அசையாமல் நின்றவள் சட்டென்று டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாகிட்டச் சொல்லாதீங்க டீச்சர்! மாடிக் கதவப் பூட்டிருவாருங்க. அப்புறம் எனக்குன்னு ஒண்ணுமே இல்லீங்க."

"பத்தாவது படிக்கற வயசுல பேச்சப் பாரு!"

கோபம் தலைக்கேறினாலும், பழக்க தோஷத்தில் டீச்சரின் பேனா விடையைச் சரிபார்த்தது. படிகளை வைத்துக் கம்பெனியின் உயரம் ஏறக்குறைய பதினைந்து மீட்டர். ஜனனி வீட்டு மாடியும், நின்று பார்க்கும் கண் உயரமும் சேர்ந்து ஐந்து. கழித்தால் பத்து. எட்டு நாள் கோணத்தின் சராசரி ஐந்து டிகிரி. பத்தை டேன் ஐந்தால் வகுத்தால் நூற்றுப் பதினான்கு மீட்டர். கணக்கு சுத்தம். அதுவே டீச்சருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"இத்தன மெனக்கெட்டு அளந்து என்னத்தச் சாதிச்சே?"

ஜனனி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்பாவையும் அம்மாவையும் பெரியவங்க உக்காந்து அத்துவிட்டப்ப, இனி என்னைப் பார்க்க வரமாட்டேன்னு அம்மாகிட்ட எழுதி வாங்கிட்டாங்க டீச்சர். ரெண்டு வருஷமாச்சுங்க. எப்பக் கேட்டாலும் அப்பா, 'அவ ரொம்ப தூரம் போயிட்டா, மறந்துரு'ம்பாருங்க. போன மாசந்தானுங்க அம்மா அந்தக் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்கு வந்தாங்க. அங்க வேலை செய்யற அக்கா ஒருத்தங்ககிட்டத்தான் சீட்டுக் குடுத்து விடுவாங்க. டீ டைம்ல டீ குடிக்காம மாடியேறி வந்து நிப்பாங்க. மூஞ்சி தெரியாதுங்க. கையாட்டறது மட்டுந்தான் தெரியும்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"ரொம்ப தூரமெல்லாம் இல்லீங்க டீச்சர். நூத்திப் பதினாலு மீட்டர்தானுங்க."

டீச்சருக்கு அவமானமாக இருந்தது. மருதாள் பேச்சைக் கேட்டுக்கொண்டு இந்தப் பிள்ளையை என்ன பாடு படுத்திவிட்டோம்!

வாசலில் பைக் வந்து நின்றது. ஜனனியின் அப்பா செந்தில்வேல் மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"கட்டிங் டேபிள்ல துணிய அப்படியே போட்டுட்டு ஓடி வர்றனுங்க. புள்ள ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டாளுங்களா?"

ஜனனி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

டீச்சர் அந்த அட்டைத் துண்டைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"தப்புத்தானுங்க. எட்டே நாள்ல அளக்கறத நிறுத்திட்டா. பரீட்சை முடியற வரைக்கும் தெனமும் அஞ்சரை மணிக்கு மாடில நின்னாகோணும். ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு."

"தெனமுமுங்களா?"

"ஆமாங்க. ஒரு நாள் நீங்க மாடிக் கதவப் பூட்டினாலும் மார்க் போட மாட்டேன்."