துணி சுற்றிய கல்

அந்தப் பெண் உள்ளே வரவில்லை. பின்பக்கம் மோட்டாரில் உருண்டுகொண்டிருந்த சின்ன டிரம்மின் கரகர சத்தத்தைக் கேட்டபடி வாசலிலேயே நின்றாள்.

"பீச்சுல கல்லு பொறுக்குறவர் நீங்கதானாமே. துணி சுத்தின கல்லு ஒண்ணு எடுத்தீங்களா சார்?"

எட்வின் எடுத்திருந்தான். துணியை அறுத்து எறிந்துவிட்டு, மெருகேற்றுவதற்காக மற்ற கூழாங்கற்களோடு சாணைத் தூளும் தண்ணீரும் சேர்த்து டிரம்மில் போட்டிருந்தான். ஒரு மாதமாக அது உருள்கிறது.

"எங்க வீட்டுக்காரரோட கருமாதிக் கல்லு அது. அவரை அதுல நிறுத்தித்தான் கும்பிட்டோம். கடல்ல போட்டுட்டுத் திரும்பிப் பார்க்கக் கூடாதுன்னாங்க. என் மகன் பார்க்கல. அலை தள்ளிடுச்சு போல." அவள் குரல் தாழ்ந்தது. "எதுலயோ போட்டு உருட்டுறாங்கடின்னு கனவுல வந்து அழுவுறாரு."

எட்வின் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தான். கற்களைக் கழுவித் தட்டில் கொண்டுவந்து நீட்டினான். எல்லாம் ஒரே மாதிரி வழவழவென்று மின்னின.

அவள் ஒன்றையும் தொடவில்லை.

"எல்லாமே இளைச்சிருக்கே. தேஞ்சதெல்லாம் எங்க சார்?"

"தேஞ்சது கலந்த தண்ணி சாக்கடையை அடைச்சிடும்னு…" பின்பக்கம் கை காட்டினான். "தோட்டத்து மல்லிச் செடிக்கு ஊத்திட்டேன்."

"என்னங்க, யாரு வந்திருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே அவன் மனைவி வெளியே வந்தாள். வீட்டுச் செடியில் பறித்துத் தொடுத்த மல்லிச் சரம் அவள் தோளில் வழிந்தது.

அந்தப் பெண் அந்தச் சரத்தையே பார்த்தாள். பிறகு நெருங்கி வந்து, அதன் பக்கமாகக் குனிந்து, "என்னங்க" என்று மெல்லக் கூப்பிட்டாள்.