ஓதின எண்ணெய்

“மெதுவாப் போ நிஸார்! முன்னால பொலிஸ்!”

ஜுனைதா கைப்பையை மடியோடு இறுக்கிக்கொண்டாள். பாலாவிச் சந்தியில் வாகனங்களை மறித்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். போதாக்குறைக்கு ஒரு மோப்ப நாய் வேறு!

பைக்குள் ஒரு சின்னப் போத்தல். கஞ்சா எண்ணெய்.

கேன்சர் மருந்து ஏற்றியதிலிருந்து கணவர் லத்தீபுக்குப் பசியில்லை, தூக்கமில்லை. எலும்பும் தோலுமாகிவிட்டார். இது பசியைத் தூண்டும் என்று யாரோ சொல்ல, தம்பி நிஸாரைக் கெஞ்சி இதை எடுப்பித்தாள். உண்மை தெரிந்தால் மனிதர் தொடவே மாட்டார். தம்பியிடமும் முன்பே சொல்லிவைத்து, ‘பள்ளிவாசல் லெப்பை ஓதித் தந்த எண்ணெய்’ என்று சொல்லித்தான் இரண்டு கிழமையாக நாக்கில் சொட்டு விடுகிறாள். இப்போது சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். இதோ, ஓட்டோவிலும் அவள் தோளில் சாய்ந்து நல்ல தூக்கம்.

“கிளினிக்குக்குப் போறதுக்கு இத ஏன் கொண்டுவந்தீங்க ராத்தா?”

“வார்ட்டுல நிப்பாட்டி வெச்சா குடுக்க வேணாமா? யா அல்லாஹ், என்னப் புடிச்சி மறியல்ல அடைச்சா இவர ஆரு பாக்குற?”

நிஸார் ஓட்டோவை ஓரங்கட்டினான். முகத்தில் பதற்றமே இல்லை. கல்நெஞ்சுக்காரன்!

நாய் பையை முகர்ந்துவிட்டுக் கொட்டாவி விட்டது. பொலிஸ்காரர் போத்தலை எடுத்து, “இது என்ன?” என்று சிங்களத்தில் கேட்டார்.

“ஓதின... ஓதின எண்ணெய், மாத்தயா.”

அவர் மூடியைத் திறந்து முகர்ந்தார். விரலில் தேய்த்துப் பார்த்தார்.

“பொல் தெல்!” என்று சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். தேங்காய் எண்ணெயாம்!

சந்தி தாண்டியதும் ஜுனைதா பாய்ந்தாள். “எவன்டா ஒன்ன ஏமாத்தினவன்?”

“ஒருத்தனும் ஏமாத்தல்ல. நான் வாங்கவே போகல்ல. கிளினிக் டொக்டர்ட கேட்டன். கண்டதையும் குடுக்காதீங்க எண்டாரு. கஞ்சாவுல இருக்கிற மாதிரி ஒரு சாமான நம்மட ஒடம்பே செய்யுதாம் ராத்தா. பசி, தூக்கம், வலி எல்லாத்தையும் ஒரு அளவுல வெச்சிருக்க அதுவும் ஒதவுதாம். பயமும் கவலையும் கூடினா அது கொழம்பிருமாம். மனசு ஆறினா தன்பாட்டுல சரிவரவும் கூடுமாம்.”

ஜுனைதாவுக்கு அழுகை முட்டியது.

“அதுக்கு? நீ எனக்குச் சொன்னது பொய்யி. நான் இந்த மனுசனுக்குச் சொன்னதும் பொய்யி. நோயாளிக்கிட்ட ஓதின எண்ணெய் எண்டு பொய் சொன்னவள அல்லாஹ் மன்னிப்பானாடா?”

நிஸார் கண்ணாடியில் மச்சானின் தூங்கும் முகத்தைப் பார்த்தான்.

“என்ட பொய்க்கு நான் பதில் சொல்லிக்கிறன். நீங்க பொய்யே சொல்லல்ல ராத்தா. ஜும்ஆ தொழுகை முடிய இந்தத் தேங்காயெண்ணெய லெப்பைட்ட குடுத்து, ஓதித்தான் கொண்டுவந்து தந்தன்.”