ஆளில்லாத கடல்

"இங்கேருந்து தெக்க ராக்கெட் விட்டா வழியில ஊரே கிடையாது. பழுதாகி விழுந்தாலும் ஆளில்லாத கடல்லதான் விழும். அதனாலதான் உங்க கரையத் தேர்ந்தெடுத்தோம்" என்று ஊர்க்கூட்டத்தில் அதிகாரி விளக்கினார்.

ஜெசிந்தா எழுந்தாள். "எங்க வீட்டுக்காரரு அங்கதான் இருக்காரு சார். புயல்ல போனவரு, இன்னும் கரையேறல."

முதல் ராக்கெட் ஏவும் நாள் அவருடைய நினைவு நாளாக அமைந்துவிட்டது. கடலுக்குப் போகத் தடை. அவளோ வருடந்தோறும் போலவே மாலையோடு வள்ளத்தைத் தள்ளினாள். ரோந்துப் படகு குறுக்கே வந்து நின்றது.

"திரும்பிப் போம்மா. நீ இங்க இருக்கிற வரைக்கும் ராக்கெட்டக் கெளப்ப முடியாது."

"அப்ப நிக்கட்டும் சார். நான் செபம் சொல்லி முடிக்கணும்" என்றவள், நங்கூரத்தை இறக்கிவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முழந்தாளிட்டாள்.