முப்பது நாள் காகிதம்

முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த காகிதத்தின் தேதி முடிந்து இரண்டு நாள் ஆகிவிட்டது.

நம்பர் பலகை கிடைக்கும்வரை முப்பது நாளைக்கு அந்தக் காகிதம்தான் வண்டிக்கு நம்பர். நாள் தப்பிப் பிடிபட்டால் அபராதத்தோடு விடமாட்டார்கள். வண்டியையே இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பத்து வருஷம் பேருந்து நிலையத்தில் சோள மாவில் தமால் அவித்து விற்று வாங்கிய வண்டி.

பலகை வாங்கத்தான் நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள் எல்பிதியா. பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அதுவரை ஒரு போலீஸ்காரனும் கண்ணில் படக் கூடாது என்று குவாதலூப்பே மாதாவிடம் கெஞ்சிக்கொண்டே ஓட்டினாள்.

"திருட்டு முழி முழிக்காதக்கா. உன் மூஞ்சியப் பார்த்தே புடிச்சிருவாங்க" என்றாள் பக்கத்தில் இருந்த தங்கை நயேலி. அவள் மடியில் எல்பிதியாவின் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

என்ன வாய் முகூர்த்தமோ, பின்னால் சைரன் அலறியது.

எல்பிதியா கற்றாழைக் காட்டை ஒட்டி வண்டியை ஓரங்கட்டினாள். நீலமும் வெள்ளையும் பூசிய போலீஸ் வண்டி பின்னாலேயே வந்து நின்றது.

இறங்கி வந்தவன் காகிதத்தை விரலால் தட்டிப் படித்தான். அவள் தயாராக வைத்திருந்த பொய் மறந்தே போனது. உள்ளதைச் சொல்லி அழுதாள்.

அவன் திட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. காகிதத்தை உரித்துத் தரச் சொல்லி, அவளுடைய லைசென்ஸோடு சேர்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"அழாதீங்கம்மா. புடிச்ச வண்டியெல்லாம் நிறுத்துற இடம் பக்கத்துலதான். எங்க பின்னாடியே வாங்க, பேசி முடிச்சிரலாம்."

நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள்.

போலீஸ் வண்டி அவர்களைத் தாண்டிப் போய், தார்ச்சாலையை விட்டு மண் பாதையில் இறங்கியது. எல்பிதியாவும் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிளும் இறங்கியது. வண்டி போய்விட்டால் நாளைக் காலையில் தமால் பானையை எதில் ஏற்றுவது என்று மட்டும்தான் அவளுக்கு ஓடியது.

பாதை நீண்டுகொண்டே போனது. கைபேசியில் சிக்னல் செத்துவிட்டது.

புழுதி கொஞ்சம் அடங்கியபோது நயேலி முன்னால் குனிந்து உற்றுப் பார்த்தாள். அவளிடம் கேலி போன இடம் தெரியவில்லை.

"அக்கா... அவங்க வண்டிலயும் நம்பர் இல்ல. காகிதந்தான் ஒட்டியிருக்கு."

முன்னால் போன வண்டியின் பின்கண்ணாடியில் அதே முப்பது நாள் காகிதம், வெயிலில் வெளுத்துப்போய். பெரிய எழுத்தில் போன வருஷத்துத் தேதி. போலீஸ் வண்டிக்கு எவன் முப்பது நாள் காகிதம் ஒட்டுவான்?

நயேலி குழந்தையை இறுக்கிக்கொண்டாள். மோட்டார் சைக்கிள் நெருங்கி வந்தது.

எல்பிதியா விட்டுவந்த தார்ச்சாலையைப் பக்கக் கண்ணாடியில் தேடினாள். மாதாவே, ஒரு போலீஸ்காரன் வரட்டும், என்னைப் பிடிக்கட்டும், வண்டியையும் எடுத்துக்கொள்ளட்டும் என்று வேண்டினாள்.